மரத்த விரலுக்கு ஒரு விசை

எங்கள் சிறு நகரத்தின் சுடும் கழகம் கால்வாய்க்கு இந்தப் பக்கம், பீற்கிழங்குத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மாரி காலத்தில் காலைப் புகார் வெண்மூட்டமாக அங்கே மத்தியானம் வரைக்கும் கிடக்கும். ஐம்பது மீற்றர் தள்ளி நிற்கிற கடதாசி இலக்கு அந்தப் புகாருக்குள் இருந்து முதலில் ஒரு வெள்ளை மறுவாகவும், பிறகு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாகவும் மெல்ல மெல்ல வெளியே வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். சுட வந்தவள் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

என்னை அங்கே முதலில் கூட்டிப் போனவள், பாண் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிஃப்டில் நின்ற ஒரு ஜெர்மன்காரி. பெண்களுக்கான பின்னேரம் ஒன்று இருக்கிறது, கேக் சாப்பிட வா என்றாள். நான் கேக்குக்காகத்தான் போனேன். பத்தொன்பது வயதில் மன்னாரை விட்டு வந்தவளுக்கு வெடிச் சத்தத்தோடு வேறு என்ன வேலை? அந்தக் காலத்தில் சத்தம் கேட்டால் அது எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்றுதான் உடம்பு முதலில் கணக்குப் பார்க்கும். ஆனால் இங்கே அவர்கள் சுடுவது மிகச் சின்ன ரவை. அடிப்பக்கத்து விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற, பென்சிலிலும் மெல்லிய ரவை. காய்ந்த சுள்ளி ஒன்று காட்டுக்குள் முறிந்ததுபோல ஒரு சத்தம். நடுக்கம் வரும் என்று கேக் தட்டைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக நித்திரைக்கு முன் வருகிற மாதிரி ஒரு அமைதி வந்தது. எனக்கே அது விளங்கவில்லை.

பிறகு நானும் சுடத் தொடங்கினேன். மூச்சை விட்டு, மிச்சத்தைப் பிடித்து, பொட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தச் சின்ன நேரத்தில் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. வேலை இல்லை, வாடகை இல்லை, ஊர் இல்லை. பரீட்சை எழுதி, அன்ட்றாக் என்கிற விண்ணப்பம் நிரப்பி, அனுமதி கிடைத்து, எனக்கென்று ஒரு றைபிள் வைத்திருக்கலாம் என்று ஆனபோது வீட்டில் சொன்னேன்.

என் கணவர் கையில் இருந்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சொன்னார்.

"உமக்கு விருப்பமெண்டால் வாங்கும். ஆனால் அது இருக்கிற அறைக்குள்ள நான் வரமாட்டன்."

"பெட்டிக்குள்ள பூட்டித்தான் வைக்கவேணும். பூட்டின்ர நம்பர் எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கவேணும். அதுதான் இஞ்சத்தைச் சட்டம்."

"நல்ல சட்டம்," என்றார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் துவக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போதெல்லாம் பல்கனிக்குப் போய்விடுவார். தக்காளிச் சாடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாரியில் அந்தச் சாடிகளில் மண் மட்டும்தான் இருக்கும்.

அந்த றைபிளை நான் முழுதாக வாங்கவில்லை. கழகத்தில் ஒருவர் விற்ற பழைய துவக்கு ஒன்றின் இயந்திரப் பகுதியை எடுத்து, துவக்கு செய்கிற பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் புதுக் குழல் போட்டேன். என் கை கட்டை. கடையில் இருக்கிற எந்த றைபிளும் எனக்கு ஒரு சாண் நீளம் கூட. அதனால் வால்நட் மரத்தில் என் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்து, தோளில் வைக்கிற கட்டையை அவளே செதுக்கித் தந்தாள். விசை ஒன்றுதான் பழையது. இழுக்கும்போது மணல் விழுந்த மேசை லாச்சியை இழுத்துத் திறக்கிறதுபோல அரைத்து அரைத்து வரும். அதை மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். எதைப் போடுவது என்பதில்தான் நான் நின்றுவிட்டேன்.

காரணம் என் வலது கைச் சுட்டுவிரல். பாண் வெட்டுகிற மெசினில் ஒருமுறை அகப்பட்டு, தைத்து, ஆறிய விரல். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டாலும் அது பேசாமல் இருக்கும். நரம்பு இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கழகத்தில் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: எவ்வளவு மெல்லிய விசையோ அவ்வளவு நல்லது. இலேசாக இருந்தால் கை அசையாது, குறி தவறாது. என்னைக் கூட்டி வந்த தோழி தன்னுடைய றைபிளைத் தந்து பார் என்றாள். அவளுடைய விசை அவ்வளவு மெல்லியது. நான் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பொட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மூச்சுக்கூட முழுதாக விடவில்லை. சுள்ளி முறிந்தது.

ரவை இலக்குக்கு மேலே மண் அணைக்குள் போய்ப் புதைந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குத்தானே அந்த அணை. தோழி, "நடக்கிறதுதான்," என்றாள். நான் துவக்கை வைத்துவிட்டு சுவரோர வாங்குப் பலகையில் போய் இருந்தேன். குறி தவறியதில் எனக்குக் கவலையில்லை. என் கை எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

அதன்பிறகு பல கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த நாட்களில் ஒரு கனவு வரும். என் றைபிளின் விசை தண்ணீரால் ஆனதாக இருக்கும். விரலை வைத்தால் விரல் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும், முட்டாது. எங்கே முடிகிறது என்று தெரியாமல் முழங்கை வரைக்கும் நனைந்துகொண்டு நிற்பேன். பயமில்லாத கனவு, ஆனால் விடிந்தும் கை குளிர்ந்திருக்கும்.

துவக்கு செய்கிறவளிடம் டெர்மின் எடுத்து நேரம் குறித்திருந்த நாளில் பனி கொட்டியது. அவளுடைய பட்டறை ஸோஸ்ற் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். பனியில் கார் ஓட எனக்கு ஏலாது. போனைக் கையில் எடுத்து, வரவில்லை என்று சொல்லப் போனேன். கணவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டுபோய் விடுறன். உள்ளுக்கு வரமாட்டன். நீர் போயிட்டு வாரும்."

வழியெல்லாம் வெள்ளை. காற்றாலைகளின் கால்கள் தெரியவில்லை. செட்டைகள் மட்டும் புகாருக்குள் இருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து, ஏதோ நினைத்துக்கொண்டதுபோல மறுபடியும் மேலே போயின. காருக்குள் சூடு. எங்களுக்குக் கீழே றோட்டே இல்லை, நாங்கள் மிதந்துகொண்டு போகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

பட்டறை முன்பு மாட்டுக் கொட்டிலாக இருந்த இடம். எண்ணெயும் கோப்பியும் மணத்தன. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பியும் வீட்டுச் செருப்புமாக நின்றாள். என் விரலைப் பற்றி அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். அவள் பரிதாபப்படவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் விரலை நுனியில் இருந்து தொட்டுக்கொண்டே வந்தாள். "இங்கே? இங்கே?" நான் இல்லை, இல்லை என்றேன். விரல் மடங்குகிற முதலாவது மொளியின் மடிப்புக்கு வந்ததும் ஆம் என்றேன். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

பிறகு மூன்று விசைகளை மேசையில் வைத்தாள். துவக்கு இல்லை. ஒவ்வொரு விசையும் ஒரு மரக்குற்றியில் பூட்டியிருந்தது. முதலாவது, தோழியுடையதைப் போன்றது. இழுத்தேனா என்று தெரியுமுன் டிக் என்றது. இரண்டாவது கொஞ்சம் பாரம். விரல் படுகிற நாக்கு தட்டையாக, அகலமாக இருந்தது, அசையாமல் நின்று திடீரென்று விட்டது. எப்போது விடும் என்று என்னால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது இரண்டு கட்டமாக இழுக்கிறது. முதலில் சும்மா வரும், ஒரு இடத்தில் நிற்கும், அதற்குமேல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் விடும். அந்த நிற்கிற இடத்தில்தான் இந்த விசையின் விசேஷம் என்றாள். எனக்கு அது கிடைக்கவில்லை. நான் அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் தூக்கத்தில் தாண்டினவள்போலத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் யன்னலால் பார்த்தாள். முற்றத்தில் எங்கள் கார். கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டிருந்தது.

"உள்ளே யார்?"

"என் கணவர்."

அவள் அந்த வீட்டுச் செருப்போடேயே பனிக்குள் இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆனால் செருப்போடு பனிக்குள் வந்து நிற்கிற ஒரு பெண்ணிடம் மாட்டேன் என்று சொல்ல என் கணவரால் முடியாது. நிலத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார். விசை மாற்ற விட்டிருந்த என்னுடையதும் சேர்த்து, துவக்குகள் எல்லாம் பின்னறையில் பூட்டியிருந்தன. மேசையில் மூன்று மரக்குற்றிகள் மட்டும். அவருக்கு முகம் கொஞ்சம் இளகியது.

அவர் வாசிங் மெசின் திருத்துகிறவர். ஒரு சுருள்வில்லைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கோப்பி ஆறுமுன்பே மூன்றாவது குற்றியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வில்லைப் பார்த்தார், சின்னக் கொளுக்கியைப் பார்த்தார். நாக்கை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்சை பாரும். முதல்ல சும்மா வருது. பிறகு சாத்தின கதவு மாதிரி ஒரு இடம். அதில சாய்ஞ்சு நிக்கலாம். தள்ளினால்தான் திறக்கும்."

"எனக்கு அந்தக் கதவு தெரியேல்லை."

"விரல் நுனியால தேடினால் எப்பிடித் தெரியும்? இந்தக் கோடு போட்டிருக்கிற இடத்தில வையும். கதவைத் தோளாலதானே தள்ளுறது, நகத்தாலயே தள்ளுவினம்?"

என் விரலைப் பிடித்து, மடிப்பு நாக்கில் படும்படி வைத்தார். நான் கண்ணை மூடினேன். மெல்ல இழுத்தேன். விசை வந்தது, வந்தது. எங்கேயோ தூரத்தில் வள்ளம் மணலில் தட்டினதுபோல நின்றது. அதைத் தோலில் உணரவில்லை. மொளியில் உணர்ந்தேன், அங்கிருந்து மணிக்கட்டுக்குப் போய், முழங்கைக்குப் போனது. நான் அந்த இடத்தில் நின்றேன். அப்படியே எவ்வளவு நேரமும் நிற்கலாம் போல இருந்தது. பிறகு விட்டுவிட்டு, மறுபடியும் போய், மறுபடியும் நின்றேன்.

துவக்கு செய்கிறவள் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கதவு, தோள், நகம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்காமல் யோசித்தாள். நாக்கைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டலாம், அப்போது மடிப்பு தானாகவே அதில் வந்து படும், இரண்டாவது கட்டத்தை இன்னும் பாரமாக்கலாம் என்றாள். போட்டிக்குப் போகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை என்றும் சொன்னாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"இதையே போடுங்கள்," என்றேன்.

அப்போதுதான் அவர் குற்றியை மேசையில் வைத்தார். கையை அதன்மேல் இருந்து எடுக்கவில்லை.

"இது துவக்கில பூட்டுற சாமான்தானே?"

"ஓம். நீங்கள் தெரிஞ்சுதானே பிடிச்சனீங்கள்?"

"தெரியும். ஆனால் நினைக்கேல்லை." குற்றியைப் பார்த்தபடியே சொன்னார். "நான் எப்பவும் இதின்ர மற்றப் பக்கத்திலதான் நிண்டனான். பாலத்தடியில எங்களை வரிசையா நிப்பாட்டின அண்டைக்கு, எனக்கு முன்னால நிண்ட ஆமிக்காரப் பெடியன்ர முகத்தை நான் பார்க்கேல்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அது மெல்ல உள்ளுக்கு வந்து, பிறகு அசையாமல் நிண்டது. அது எங்கை நிண்டதெண்டு இப்ப விளங்குது."

எங்கள் கலியாணம் நடந்து இத்தனை வருசத்தில் அந்தப் பாலத்தடியைப் பற்றி அவர் ஒருமுறைதான் சொல்லியிருந்தார், விரலைப் பற்றிச் சொன்னதேயில்லை. மேசையில் இருந்த அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். தமிழ் தெரியாத அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கோப்பியை நிரப்பினாள்.

திரும்பி வரும்போது பனி விட்டிருந்தது. பாதி வழியில் அவர் கேட்டார்.

"கதவை எவ்வளவு பாரமாக்கச் சொன்னனீர்?"

"அவவுக்கு ஏலுமான அளவு."

"நல்லது," என்றார்.

தவக்காலம் தொடங்கின கிழமை றைபிள் வந்தது. முதல் நாள் நான் ரவை போடாமலேயே நெடுநேரம் பழகினேன். போவதும் நிற்பதும், போவதும் நிற்பதும். பிறகு ஒரு ரவை போட்டேன். மூச்சு, பொட்டு, கதவு. கதவடியில் நின்று, இப்போது என்று நானே நினைத்த பிறகுதான் சுள்ளி முறிந்தது. அந்தத் துளை பொட்டுக்கு இடப்பக்கமாக விழுந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோழி, குறி தவறியதற்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினாள்.

கணவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பை வெளியே வந்தால் அவர் இன்றைக்கும் பல்கனிக்குத்தான் போகிறார். நானும் கூப்பிடுவதில்லை.

ஆனியில் பக்கத்துக் கழகங்களோடு ஒரு சின்னப் போட்டி நடந்தது. நானும் பெயர் கொடுத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லிண்டன் மரங்களில் தேனீ இரைந்தது. நான் கதவடி வரைக்கும் போய் நின்ற நேரத்தில், சுடுகிற வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர் கையை உயர்த்தி, நிறுத்துங்கள் என்றார். விரலை விட்டேன். எல்லாரும் ரவையை வெளியே எடுத்து, துவக்கைக் கீழே வைத்தோம்.

காட்டில் இருந்து ஒரு பெரிய முயல் வந்திருந்தது. எங்களுக்கும் இலக்குகளுக்கும் நடுவில், புல்லுக்குள் இருந்துகொண்டு ஒரு காதைக் காலால் சொறிந்தது. பிறகு மற்றக் காதை. போட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும், மார்பில் பதக்கம் குத்திய கிழவர்களும்தான், பேசாமல் காத்து நின்றார்கள். ஒருவரும் கையைத் தட்டித் துரத்தவில்லை. முயல் வெயிலில் கண்ணை மூடித் திறந்தது. எனக்கும் நித்திரை வருவதுபோல இருந்தது. அது எழும்பி, அவசரமே இல்லாமல் மற்றப் பக்கத்து வேலிக்குள் போனபிறகு நாங்கள் மறுபடியும் தொடங்கினோம்.

போட்டியில் நான் நடுவில் எங்கேயோ வந்தேன். வீட்டுக்குப் போனபோது கணவர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். முயலின் கதையைச் சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவ்வளவு பேரும் துவக்கைக் கீழ வைச்சிட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டவையோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"அது போகும் வரைக்கும்."

அவர் சட்டியில் இருந்த மீனைப் புரட்டிப் போட்டார். பிறகு, முயல் எந்தப் பக்கமாகப் போனது என்று கேட்டார். சொன்னேன்.