மருமகனின் முன்னோர்

என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் பல தலைமுறைக்கு முன் லண்டனிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே குடியேறியவராம். அந்த மனிதர் ஞானஸ்நானம் பெற்ற லண்டன் தேவாலயத்தை என் மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். போன கோடையில், நாங்கள் இருக்கும் லண்டன் புறநகரான சட்டனிலிருந்து என்னையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஞானஸ்நானத் தொட்டியின் கல் விளிம்பைத் தடவியபடி, அந்த முன்னோருடைய தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களையெல்லாம் மகள் தடுமாறாமல் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ர அப்பாவைப் பெத்தவற்ர பேர் தெரியுமோ உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது அப்பா. நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே. இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். மருமகன் ஆவலோடு கிட்ட வந்தார். "அவற்ர அப்பா?" என்று, மகளிடம் பழகிய தமிழில் கேட்டார்.

எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்த் தேவாலயம் போர்க்காலத்து ஷெல்லடியில் எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்துவிட்டன. கேட்டறிய வீட்டுப் பெரியவர்களும் இல்லை.

"மறந்து போச்சு" என்று பொய் சொன்னேன்.

மருமகன் என் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் திரும்பி வரும்போது ரயிலில் நான் அவர்களைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.