ஆணி அடிக்கக் கூடாத வீடு

ஒரே ஓர் ஆணிக்காக என் வீட்டில் கொஞ்ச நாளாகப் பெரிய ரகளை!

என் பழைய காரைப் பற்றி முன்பே புலம்பியிருக்கிறேன்; உங்களுக்குத் தெரியும். அதன் பேட்டரி காலையில் மூர்ச்சையாகிக் கிடக்கும் என்பதும் தெரியும். தெரியாத செய்தி ஒன்று — என் மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி திருவள்ளூரில். நாங்கள் வேப்பம்பட்டில். டாக்ஸி கூப்பிடத் தெருவில் ஒரு போன் கிடையாது. ரயில் இருக்கிறதே என்பீர்கள். வலி என்ன, டைம்டேபிள் பார்த்துக்கொண்டா வரும்?

ஆகவே ஒரு பேட்டரி சார்ஜர் வாங்கிவந்து, எலெக்ட்ரீஷியன் மணியைக் கூப்பிட்டேன்.

"லைட்டு லைன்ல மாட்னா ஃபியூஸ் பூடும் சார். மெயின் போர்டுலேர்ந்து ஷெட்டுக்குத் தனியா ஒரு லைன் இஸ்துடலாம். அப்பால பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி ஒரு எர்த்து..." என்று சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனார். ஒயர் ஓடும் மரக்கட்டையைச் சுவரில் பொருத்தச் சுத்தியலையும் எடுத்துவிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பிரசவத்துக்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார்.

"இன்னா மாப்ள இது? புள்ளத்தாச்சி இருக்கற ஊட்ல ஆணி அடிப்பாங்களா? பள்ளம் வேற தோண்டணுமா?"

"அவளுக்காகத்தானே அத்தை..."

"அவளுக்கோசரம்தான் நானும் சொல்றேன்!"

மணி சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டார். "அம்மா சொல்றது கரெக்ட்டு சார். என் சம்சாரம் முழுவாம இருக்கசொல்ல நான் கோழிக்கூண்டுக்குக்கூட ஆணி அடிக்கல."

எலெக்ட்ரீஷியனே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்து சார்ஜ் போடலாம்தான். அது கடையில் இருக்கும்போது வலி எடுத்தால்...?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். ஷெட்டுக்குப் போய் ஹாரனை அழுத்துகிறேன். கத்துகிறதா? சரி. வந்து பேப்பரைப் பிரிக்கிறேன். ஒரு வரி ஏறாது — மறுபடியும் ஷெட், மறுபடியும் ஹாரன்.

"அடிச்சி அடிச்சே இருக்கற கரண்ட்டையும் தீத்துடப் போறீங்க. செத்த குந்துங்களேன், பாக்கற எனக்கே பேஜாரா இருக்குது" என்றாள் மனைவி.

அவள் வாய்முகூர்த்தம்! ஒருநாள் காலை காபி டம்ளரோடு கதவில் சாய்ந்தவளின் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்க் காரில் சாவியைத் திருகினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுகையே வந்துவிட்டது.

மாமியார் மனைவியைப் பின் சீட்டில் உட்காரவைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். "இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? கியரப் போடுங்க மாப்ள!"

பால்காரர், எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி — எல்லோருமாக ஒரே தள்ளு. தெருக்கோடியில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. மாமியார் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உடனே மணிக்குச் சொல்லியனுப்பினேன். இனி யார் தடுக்க முடியும்? பழைய பென்சில் கோட்டின் மேல் முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

தூளிப் பக்கமிருந்து மாமியாரின் கை உயர்ந்தது.

"ஷ்ஷ்... கொயந்த தூங்குது!"