மிச்சக் கயிறு

லிஃப்டுக்குள் நுழைந்ததும் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். மேலே மோட்டார் முனகுவதைக் கேட்பார். வக்கீல் அலுவலகத்துக்குப் போனபோதும் பழக்கம் விடவில்லை. "பேரிங் போகப்போகுதுப்பா" என்று வாட்ச்மேனிடம் சொன்ன பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

லிஃப்ட் மெக்கானிக். ஏறப் பயப்படுகிறவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "ஒண்ணு அறுந்தா மிச்சக் கயிறு தாங்கும். எல்லாமே அறுந்தாலும் அடியில ஒரு பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். தைரியமா ஏறுங்கம்மா" என்பார்.

விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அதற்குள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு மனைவிக்குப் போய்விடுமே என்று உயில் எழுத வந்திருந்தார். "அவ கைக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது சார். எல்லாம் என் பொண்ணுக்கு."

"சரி. பொண்ணு வளர்ற வரைக்கும் சொத்தைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். அம்மாவும் இல்லாமப் போனா பொண்ணையும் அவர்தான் பாத்துக்கணும். யார் பேரை எழுத?" என்றார் வக்கீல்.

அங்கேதான் மனிதருக்கு முழி பிதுங்கியது. அண்ணன் சொந்த வீட்டையே குடித்துத் தீர்த்தவர். தங்கை இப்போது இவர் மனைவி பக்கம். நண்பர்கள் டீக்கடையோடு சரி. கழித்துக் கழித்து மிஞ்சியவள் ஒருத்திதான்: வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இவர் வீட்டையே எழுப்பவைத்த மனைவி. அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வரும் நாள். பாவி மனிதர், பெரியவர்களிடம் கேட்க வேண்டியதைக் குழந்தையிடமே கேட்டுவைத்தார். "அப்பாவும் அம்மாவும் இல்லேன்னா நீ யாருகிட்டம்மா இருப்பே?"

அவள் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. "அம்மாவும் இதையேதான் கேட்டாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேரும் எங்கப்பா போறீங்க?"

அங்கேயும் ஓர் உயில் இதே மாதிரி ஒரு பெயருக்காகக் காத்துக் கிடக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவர், கீழே சிந்திய பென்சில் சீவல்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் அவளை அம்மா வீட்டில் விடப் போனார். லிஃப்டில் ஏறினாலே குதிக்கிற பெண். அப்பா திட்டத் திட்டக் குதிப்பாள். கதவு மூடியது. சுவரில் உள்ளங்கையை வைத்தவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. மகள் மூலைக்குப் போய், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.