ஆரின் பார்க்காத ஆட்டம்

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஆரின் டால்குவிஸ்ட் தன் மேலங்கியின் இரண்டு பைகளையும் சமையலறை மேசைமேல் கவிழ்க்கிறான். விழுபவை: அச்சு கோணலாகிக் கழித்துப்போட்ட எரிவாயு ரசீதுகள் பதினெட்டோ இருபதோ, ஒரு குட்டைப் பென்சில், கடுகு சாஸ் காய்ந்த ஒரு காகிதக் கைத்துண்டு. ரசீதுகளின் முன்பக்கத்தில் பண்ணையின் பெயரும் நிரப்பிய அளவும் இருக்கும். பின்பக்கத்தில் முந்தைய நாள் ஆட்டம் இருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. உயரம் ஆறடி ஓர் அங்குலம். தொழில்: தெற்கு மின்னசோட்டாவின் பண்ணை வீடுகளுக்கு லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புதல், இருபத்தாறு ஆண்டுகள். மனைவி கார்லிஸ், எங்கள் லுத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். வலைப்பதிவின் பெயர் ‘பத்தாம் வரிசை’. முதல் பதிவு 2006 செப்டம்பர் 3. பொருள்: எங்கள் ஊர் ஹோல்கர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) அணியான நாரைகள். நான் ஆரினுடைய அக்கா. குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடு என் பொறுப்பில் இருப்பதால் மேற்சொன்ன விவரங்களில் பிழை இராது. ஒன்றை மட்டும் திருத்தியாக வேண்டும். அவன் மைதானத்தில் உட்காருவது பதினோராம் வரிசை. நானே படியேறி எண்ணிப் பார்த்தேன்.

“மொத பலக கால் வெக்கறதுக்குக்கா. அதையெல்லாம் வரிசைல சேக்க முடியாது” என்றான்.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடையாகி வரும். உலர்த்தும் எந்திரங்கள் ஓயாமல் எரிவாயுவைக் குடிக்கும். அதே வாரங்களில்தான் ஆட்டங்களும் நடக்கும். இதற்கு அவன் தன் கம்பெனியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். சனிக்கிழமை அவனுக்கு ஓய்வு. பதிலாக, ஞாயிற்றுக்கிழமை அவசர அழைப்புகள் அத்தனையும் அவன் தலையில். ஆகவே ஆட்ட அறிக்கை முதல் தொலைபேசி மணிக்குள் எழுதி முடிய வேண்டும். முடியாத ஞாயிறுகளும் உண்டு. ஒரு பதிவு இப்படி நின்றது: “நான்காம் பகுதியில் என்ன நடந்தது என்றால், ஹென்ரிக்சன் வீட்டில் எரிவாயு தீர்ந்துவிட்டது.” மீதியைப் பிற்பகல் மூன்று மணிக்கு எழுதினான். வாசகர்கள் அதுவரை ஹென்ரிக்சன் குடும்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துக்கும் அவன் விதிகள் லாரியிலிருந்தே வந்தவை. எரிவாயு டேங்கை எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. வெயிலில் வாயு விரிய இடம் வேண்டும். “பாராட்டும் அப்படித்தான். எம்பதோட நிறுத்தணும். பத்தொம்பது வயசுப் பசங்க, மேல ஊத்தினா வெடிச்சிருவாங்க” என்பான். தோல்விக்கும் அதே அளவு. பந்தைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு வாக்கியம், அதே பையன் அதே நாளில் செய்த ஒரு நல்ல காரியம் பற்றி அடுத்த வாக்கியம். அணியில் தொண்ணூறு பேர். ஒரு நிமிடம்கூட களமிறங்காதவன் உட்பட, ஒவ்வொருவன் பெயரும் பருவத்தில் ஒரு முறையாவது பதிவில் வந்துவிடும். அறுபத்தெட்டாம் எண்காரன் மழையில் எல்லோருடைய தலைக்கவசத்தையும் துடைத்துக் கொடுத்தது இவனுடைய பதிவைத் தவிர உலகில் வேறெங்கும் எழுதப்படவில்லை. வாசகர்கள் முந்நூற்று நாற்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் தொலைவில் இருக்கும் பெற்றோர். ஹவாயிலிருந்து ஒரு தாய், பையனின் பெயர் வரும் வாக்கியத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவைப்பதாக எழுதியிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. “கண்ணால பாக்காதத எழுத மாட்டேன்.” வெளியூர் ஆட்டமானாலும் ஓட்டிக்கொண்டு போவான். காய்ச்சலோடு போயிருக்கிறான். கல்லூரி வெளியிடும் புள்ளிவிவரத் தாளைத் தொடக்கூட மாட்டான். 2020இல் ஆட்டங்களே நடக்கவில்லை. அது நீங்கலாகப் பருவத்துக்குப் பத்து ஆட்டம், பத்து அறிக்கை. ஒவ்வொன்றையும் அச்செடுத்து, எண்ணிட்டு என்னிடம் கொண்டுவருவான். என் அலமாரியில் அதற்குத் தனிக் கோப்பு இருக்கிறது.

அந்தக் கோப்பையும் குடும்பப் பதிவேட்டையும் ஒருநாள் அருகருகே விரித்தபோதுதான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பருவத்திலும் நாரைகளுக்கு ஆட்டமில்லாத வாரம் ஒன்று உண்டு. ஆரினின் பித்தப்பை அறுவை: 2013 அக்டோபர் 11, ஆட்டமில்லா வாரத்து வெள்ளிக்கிழமை. அவன் பேரனின் ஞானஸ்நானம்: ஆட்டமில்லா வாரத்து ஞாயிறு. என் சொந்த மகளின் திருமணம்: 2016 அக்டோபர் 8, ஆட்டமில்லா வாரத்துச் சனிக்கிழமை. அந்தத் தேதியை மணமக்கள் இலைகளின் நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே ஏழு ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

“மாமாதான் சொன்னாரு, அன்னிக்கு மேப்பிள் மரமெல்லாம் செவசெவன்னு இருக்கும்னு” என்றாள் மகள்.

சென்ற ஆண்டு அந்த வாரத்தைக் கார்லிஸ் எடுத்துக்கொண்டாள். தேவாலயத்தின் பழைய ஆர்கனைப் பிரித்துச் செப்பனிடும் வேலை நான்கு ஆண்டு நடந்தது. அர்ப்பண நிகழ்ச்சியில் அவள் தனியாக ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். அவள் வாழ்வில் அது முதல் தனிக்கச்சேரி. நாள்: 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பக்கம் புரட்டுபவன் ஆரின்.

ஆரினுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் கார்லிஸுக்கு அவனைத் தவிர வேறு யார் புரட்டினாலும் கை தடுமாறும். “எல்லாரும் அவ எப்ப தலையாட்டுவான்னு பாப்பாங்க. அது லேட்டு. நான் தோளப் பாக்கறேன். தடுக்கற பையனுக்கும் கோச்சு அதத்தான் சொல்லுவாரு: தலைய நம்பாத, ஒடம்பப் பாரு” என்பது அவன் விளக்கம்.

செப்டம்பர் 30ஆம் தேதி எங்கள் நெடுநாள் எதிரிகளான டன்மோர் கல்லூரியுடன் இங்கே ஆட்டம் நடக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் பெய்த மழையில் மைதானம் குளமாகி, ஆட்டம் தொடங்கவே இல்லை. திங்கட்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் பூசணிக்காய் கொடுக்கப் போயிருந்தேன். போட்டிக் குழுவின் அறிவிப்பு அப்போதுதான் வந்தது. ஆரின் அதை நின்றபடியே படித்தான். பென்சிலை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையருகே போனான். எழுதவில்லை.

“பதினாலாம் தேதி. ஒரு மணி” என்றான்.

“எந்த மாசம்?” என்றாள் கார்லிஸ், தெரிந்துகொண்டே. அவள் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.

“இந்த மாசம்.”

ஒரே சுருளாக இறங்கிக்கொண்டிருந்த ஆப்பிள் தோல் அறுந்தது.

“நீ போய்ட்டு வா. பக்கம் பொரட்ட நம்ம சர்ச்சு வெர்னா இருக்கா” என்றாள்.

“வெர்னாவா? பந்து அசையறதுக்கு முன்னாடியே பாயற ஆளு. ஆட்டத்துல தண்டன குடுக்கற மாதிரி அவள அஞ்சு கஜம் பின்னால தள்ளி ஒக்கார வெக்கணும்.”

“நான் சிரிக்கல ஆரின். நூத்தி அறுபத்தஞ்சு அறிக்க வரும், இந்தச் சனிக்கிழமையோட. எனக்கும் எண்ணத் தெரியும். இதுல ஒண்ண விட்டுட்டு நீ மார்ச் மாசம் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகிட்டுத் திரிவ. நான்தான பாக்கணும்?”

“ஏப்ரல் வரைக்கும்” என்றேன் நான்.

“அக்கா, நீ யாரு பக்கம்?”

“பதிவேட்டுப் பக்கம்.”

அவன் லாரிக் குழாயைச் சரிபார்க்க வெளியே போய்விட்டான். ஏற்கெனவே இரண்டு முறை சரிபார்த்த குழாய் அது.

அடுத்த சனிக்கிழமை வெளியூரில் ஆட்டம். போய்வந்து நூற்று அறுபத்தைந்தாவது அறிக்கையை எழுதினான். கார்லிஸ் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தாள். ஒருநாள் வெர்னாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தாள். வெர்னா இரண்டு முறை இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள்.

புதன்கிழமை நடந்ததை எனக்குச் சொன்னவன் மெர்ல். மைதானத்தில் பதினேழு பருவமாக ஆரினுக்குப் பக்கத்தில் உட்காரும் பன்றிப் பண்ணைக்காரன். பிறகு ஆரினிடமும் தனியாகக் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டேன். அன்று மெர்லுடைய பண்ணை டேங்கில் வாயு ஏறிக்கொண்டிருந்தது.

“போன வாரம் என் பொண்டாட்டி பொறந்தநாளையே மறந்துட்டேன். இன்னும் உசுரோடதான் இருக்கேன். பேசாம ஆட்டத்துக்கு வாடா” என்றான் மெர்ல்.

“அவ எதப் பாத்து அந்தத் தேதியக் குறிச்சா தெரியுமா? ஃபிரிட்ஜு மேல இருக்கற என் அட்டவணைய. ஒரு வருசத்துக்கு முன்னாடி. ஆர்கன் கட்டறவன் நவம்பர்னான், பிஷப்பு செப்டம்பர்னாரு. ரெண்டு பேருகிட்டயும் சண்ட போட்டு அந்தச் சனிக்கிழமைய வாங்கினா. எனக்காக.”

“சரி, அப்ப அறிக்கைய நான் எழுதறேன்.”

“நீ எழுதினா நடுவர் குருடன்னு மூணு பக்கம் வரும்.”

“குருடன்தானடா!”

எண்பது சதவீதத்தில் முள் நின்றது. ஆரின் வால்வை மூடினான். அன்று மாலை ‘பத்தாம் வரிசை’யில் வந்த பதிவு முழுவதும் இதுதான்: “சனிக்கிழமை ஆட்டத்தை நான் பார்க்கப்போவதில்லை. ஆகவே எழுதப்போவதுமில்லை. என் மனைவி ஆர்கன் வாசிக்கிறாள்.”

ஹவாய்த் தாய் உடனே பதில் எழுதினாள்: “என் மகனும் கணுக்கால் வீங்கி ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். நீங்கள் எதையும் தவறவிடவில்லை.” அரிசோனாவில் வாழும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், இவன் கஜக் கணக்கை வாராவாரம் திருத்துபவர், எத்தனை பக்கம் புரட்டப்பட்டது என்ற விவரம் பின்னர் வெளியிடப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கார்லிஸ் பதிவைப் படித்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை அவள் வெர்னாவுக்கு ஒரு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினாள் என்று மட்டும் தெரியும்.

பதினான்காம் தேதி வெயிலடித்தது. ஆர்கனுக்குப் புதிதாகப் பூசிய வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்ததால் தேவாலயத்தின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். மைதானம் மூன்று தெரு தள்ளி. இரண்டு மணிக்குப் பிஷப் ஜெபம் சொன்னபோது கல்லூரி மேளமும் உடன் வாசித்தது. நான் பக்கவாட்டு பெஞ்சில் இருந்தேன். அங்கிருந்து இருவரும் தெரிவார்கள். ஆரின், எங்கள் அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டில், கார்லிஸின் இடப்பக்கம் நின்றான்.

கடைசி உருப்படி நீளமானது. நடுவில் இசை தணிந்து, ஒற்றைக் குழல் மட்டும் மெல்ல ஒலிக்கும் இடம் வந்தது. சரியாக அப்போது சன்னல் வழியே ஒரு பெருங்கூச்சல் உள்ளே புகுந்தது. உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சல், ஓய்வதாக இல்லை. சபையில் நூற்றைம்பது தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. பிஷப்பின் தலையும் திரும்பியது. கார்லிஸின் இடது தோள் ஓர் இம்மி உயர்ந்தது. ஆரினின் கை தாளின் மூலையைப் பற்றியது, புரட்டியது, தட்டி நேராக்கியது. அவன் கண் அந்தத் தோளை விட்டு அகலவில்லை.

நிகழ்ச்சி முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மெர்ல் படியிறங்கி ஓடிவந்தான். சட்டையெல்லாம் கடுகு சாஸ்.

“டேய், கடைசி பதினோரு விநாடி இருக்கு, நம்ம பய என்ன பண்ணினான் தெரியுமா…”

“தெரியாது. சொல்லாத.”

“செயிச்சோம்டா!”

“நான் பாக்கல மெர்ல். எனக்குத் தெரியாது. கேக்கு எடுத்துக்க.”

“இருவத்தொண்ணு, இருவதுடா!”

“கார்லிஸ், இவனுக்கு ரெண்டு துண்டா குடு. வாய் அடையட்டும்.”

கார்லிஸ் மூன்று துண்டு வைத்தாள். இன்றுவரை அந்த ஆட்டத்தின் முடிவைக் கேட்டால் ஆரின் தனக்குத் தெரியாது என்றே சொல்கிறான். அந்தப் பருவத்தின் கடைசிப் பதிவில் அவன் கொடுத்திருக்கும் தொகுப்பு: வெற்றி ஏழு, தோல்வி இரண்டு, நான் பார்க்காதது ஒன்று. பக்கங்கள் இருபத்திரண்டு.

கச்சேரிக்கு மறுநாள், ஞாயிறு பிற்பகல், அவசர அழைப்புகளை முடித்துக்கொண்டு, வழக்கம்போல் என் வீட்டுக்கு வந்தான். லாரி வாசலில் நின்றது. நூற்று அறுபத்தைந்தாவது தாளோடு கோப்பு நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவன் மேலங்கிக்குள்ளிருந்து கச்சேரியின் நிகழ்ச்சி நிரலை எடுத்தான். மேசையில் தட்டி ஓரத்தைச் சமப்படுத்தி, என் துளைக்கருவியை இழுத்து, இரண்டு துளை போட்டான். கோப்பின் வளையங்களில் மாட்டினான்.

“எண் என்ன போடறது?” என்றேன். பதிவேடு வைத்திருப்பவள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

“ஏன்? முழுசாப் பாத்தேன்ல?” என்று குட்டைப் பென்சிலால் மூலையில் எழுதினான்: 166.

அவன் போன பிறகு குடும்பப் பதிவேட்டைத் திறந்து என் பங்கை எழுதினேன். 2023 அக்டோபர் 14. கார்லிஸ், ஆர்கன். ஆரின், உடன். மணமாகி இருபத்தொன்பது ஆண்டுகள், எட்டு மாதங்கள்.