பேட்டரியைக் கழற்றிய பிறகு

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவன் நான். என் மைத்துனன் பொம்மை விமானம் ஒன்று செய்திருந்தான். மறுநாள் தாம்பரத்தில் பறக்கவிடும் போட்டி. எஞ்சினைப் பற்றவைக்கும் பிளக் இரண்டை என்னிடம் நீட்டினான்.

"சரிகை பாக்குற கண்ணு, நீயே ஒண்ணு எடு மாமா."

பேட்டரியில் வைத்தபோது பளிச்சென்று ஒளிர்ந்ததை எடுத்தேன். எஞ்சின் சீறி ஓடியது. பறக்கவிடும் முன் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும்; கழற்றியதும் நின்றுவிட்டது. மூன்று முறையும் அப்படித்தான். எரிபொருளும் தீரப்போகிற நிலை.

"இன்னா மாமா, பளபளப்ப பாத்து ஏமாந்துட்டியே."

மங்கலாய்ச் சிவந்த மற்றதை மாட்டினான். பேட்டரியைக் கழற்றியும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பேட்டரியே இல்லாம எப்படிப்பா?"

"வாங்குன சூட்ட உள்ளயே வெச்சிக்கினு இருக்குது மாமா."

அன்று காலைதான் ஏகாம்பரநாதர் சந்நிதியில் உருகி நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மனைவியை ஏசியிருந்தேன். இப்போதெல்லாம் கோயில் வாசலைத் தாண்டும்போது, பேட்டரியைக் கழற்றியாயிற்று, இனி நானாக ஓட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.