காஜா வைத்த கார் கதவு

வீட்டுக்குள் ஒழுகும் மழையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காருக்குள் ஒழுகும் மழையைப் பார்க்க வேண்டுமென்றால் அரை இஞ்ச் மாஸ்டரின் காரில்தான் ஏற வேண்டும். வெளியே தூறல் என்றால் உள்ளே குளம். பின்சீட்டின் இடது பக்கம் உட்கார்ந்து காலைக் கீழே வைத்தால், மிதியடி சளக்கென்று சத்தம் போட்டு வரவேற்கும்.

மாஸ்டர் தையல்காரர். எதைத் தைத்தாலும் ஓரத்தில் அரை இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடலாம்ல?" என்று வாடிக்கையாளரின் வயிற்றைப் பார்த்தபடியே சொல்வார். அதற்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு, அடுத்த வருஷம் பிரித்து விடச் சொல்லி வந்தவர்களும் உண்டு.

கார் ஒழுகக் காரணம் மெக்கானிக். கண்ணாடி ஏறவில்லை என்று அந்தப் பக்கத்துக் கதவைக் கழற்றிய மகராசன், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிட்டான். "சும்மாதாண்ணே ஒட்டிக் கிடந்துச்சு" என்றான். சும்மா கிடக்குமா? கண்ணாடி இடுக்கு வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே வழிந்து, அடியில் இருக்கும் துளைகளில் வெளியே போய்விடும். அது இந்தப் பக்கம் தாண்டாமல் மறிப்பதே அந்தத் தாள்தான். விஷயம் தெரிந்து மாஸ்டர் பாய்ந்தபோது, மெக்கானிக் மச்சினிச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். போனவன் போனவன்தான்.

மற்ற நாளாக இருந்தால் மாஸ்டர் பொறுத்திருப்பார். ஆனால் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வருகிறாள். வானமோ மூன்று நாளாகக் கொட்டுவதும் விடுவதுமாக இருந்தது. சம்பந்தியிடம் கப்பல் மாதிரி ஒரு புதுக்கார். "எதுக்கு சம்பந்தி சிரமம்? நம்ம வண்டியிலயே கொண்டாந்து விட்டுடறேன்" என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மாஸ்டருக்கு அது நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

இறங்காதா பின்னே? இதே மகள் பிறந்தபோது அவளை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வண்டி கிடைக்கவில்லை. முட்டை ஏற்றிப் போகும் வேனில், முட்டைத் தட்டுகளுக்கு நடுவே, ஒவ்வொரு பள்ளத்திலும் டிரைவர் "முட்டை, முட்டை" என்று பதறப் பதறத்தான் வந்து சேர்ந்தார்கள். பிள்ளையைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை பதறவில்லை. அந்த ஆத்திரம் மாஸ்டருக்கு இன்னும் ஆறவில்லை.

"என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா" என்றார்.

"பச்ச உடம்புக்காரிங்க அவ. ஈரத்துல கால வச்சா என்னத்துக்கு ஆகும்?" என்றாள் மனைவி. "தண்ணி ஊத்திப் பாப்பேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உள்ள வந்தாலும் சம்பந்தி வண்டிதான். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அன்று கடை விடுமுறை. மாஸ்டர் கதவின் உள்பலகையைப் பிடித்து இழுத்தார். கிளிப்புகள் படபடவென்று முறிந்தன. "போனா போகட்டும்" என்று கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கதவுக்கு அளவெடுத்தார். தோள், இடுப்பு, உயரம். "இடுப்பு கொஞ்சம் பெருசுதான்" என்று கதவைத் தட்டிக்கொடுத்தார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பாத்ரூம் திரையக் காணோமே! எந்தத் திருடன் வந்து பாத்ரூம் திரையத் திருடிட்டுப் போவான்?"

திருடன் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரைத் தடுக்கவே பிறந்த பிளாஸ்டிக் திரை. கதவின் அச்சுக்கு வெட்டி, சுற்றிலும் அரை இஞ்ச் மடித்து, இரட்டைத் தையல் போட்டார். அகலம் போதாத இடத்தில் ஒட்டுத் துண்டு வைத்தார். பூட்டுக் கம்பியும் கைப்பிடிக் கம்பியும் வெளியே வரவேண்டுமே, அதற்கு இரண்டு காஜா. சட்டைப் பொத்தானுக்குக்கூட அப்படி ஒரு காஜா அமையாது.

"பிளாஸ்டிக்குக்கு எதுக்குங்க ஓரம் அடிக்கறீங்க? அதுல பிசிறா வரப்போகுது?"

"ஓரம் அடிக்காம ஒரு வேலையும் என் கைய விட்டு வெளிய போனதில்ல. உனக்கு என்ன தெரியும்? போ."

இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வைத்துக் கதவில் ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. துவைத்துத் தேய்த்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "ஊத்து" என்று மனைவிக்குக் கை காட்டினார். அவள் தோட்டத்துக் குழாயைக் கண்ணாடிமேல் பிடித்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. மாஸ்டர் மீசையைத் தடவினார். அப்புறம் தையல் ஓரமாக முத்து முத்தாக ஏதோ அரும்பியது. ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. ஒன்று தப்பவில்லை. இரட்டைத் தையல் அல்லவா, சொட்டும் இரட்டை வரிசையில் வந்தது. இரண்டு காஜாவிலிருந்தும் தண்ணீர் நேராக மாஸ்டரின் மடியில் பாய்ந்தது.

மனைவி குழாயைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "தையல் ஒரே சீரா இருக்குங்க. எங்கயும் விடுபடல!"

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தவும் இல்லை. நனைந்த பேண்ட்டோடு உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. ஊருக்கே தைக்கிறோம், பெற்ற பெண்ணை நனையாமல் கூட்டிவர ஒரு வக்கில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மனைவி கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜைமேல் விரித்திருந்த உறையை உருவினாள். திராட்சையும் ஆப்பிளும் அச்சடித்த, தடிமனான பிளாஸ்டிக். அதன்மேல் சூடான பாத்திரம் வைத்ததற்காக அவள் வீட்டில் எத்தனையோ பேரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள். அதை மாஸ்டர் முன்னால் போட்டாள்.

"இதுல வெட்டுங்க. ஒரே துண்டு, ஒட்டு கிட்டு எதுவும் வேணாம். ஊசி மட்டும் கிட்ட வரக்கூடாது."

சொன்னதோடு விடவில்லை. ஊசி டப்பாவையும் நூல் சுற்றிய பாபினையும் எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். புருஷனை அறியாதவளா?

ஓரம் மடிக்காத மொட்டை விளிம்பைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்கு உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினார். கம்பிகளுக்குச் சின்னக் கீறல் போட்டு, சுற்றி டேப்பால் மூடினார். கீழ் விளிம்புக்கு வந்ததும் யோசித்தார். வெளியே தொங்கவிட்டால் வழிகிற தண்ணீர் காருக்குள் சொட்டும். சட்டையை இன் பண்ணுவதுபோல அதைக் கதவின் அடி இடுக்கில் செருகினார். இன் பண்ணின சட்டையில் வழிகிற தண்ணீர் பேண்ட்டுக்குள்தானே போகும்? இந்த முறை மனைவி குழாயைப் பிடித்தாள், குடத்தால் ஊற்றினாள், கை ஓய்ந்து போனாள். ஒரு சொட்டு வரவில்லை. உள்பலகையைத் திரும்ப மாட்டத்தான் வழியில்லை. கிளிப்பெல்லாம் முறிந்துவிட்டதே.

மறுநாள் மழை வெளுத்து வாங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சம்பந்தி எட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, கதவுல பழக்கடை வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. மாமனார் ஒரு கதவைத் திறந்து பிடித்தார், அப்பா ஒரு கதவைத் திறந்து பிடித்தார். அவள் இரண்டையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்பாவின் காரில் ஏறினாள். "சீக்கிரம் போலாம்ப்பா. இவன் ராத்திரியெல்லாம் தூங்க விடலப்பா." மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பைகளோடு தன் அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மாஸ்டர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்ததுதான் அதிகம். மகள் கதவைப் பற்றி ஏதாவது கேட்பாள், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்பதாக இல்லை. "கால் ஈரமா இருக்காம்மா?" என்று இவரே கேட்டார்.

கதவோரம் சரிந்து, திராட்சைக் கொத்தின்மேல் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மகள் தூங்கிப்போயிருந்தாள். மழை அந்தக் கதவை அறைந்துகொண்டிருந்தது. மனைவி குனிந்து மகளின் காலடியில் மிதியடியைத் தடவினாள். காய்ந்த உள்ளங்கையைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். மாஸ்டருக்குச் சட்டென்று ரோடு மங்கியது. வைப்பரை வேகமாகப் போட்டுப் பார்த்தார். தெளியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு வந்தது. பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் மனைவி ரகசியமாக. "ரெண்டும் தூங்குது பாருங்க. இன்னொரு சுத்து போங்க."

மாஸ்டர் வீட்டைத் தாண்டிப் போனார். தெருமுனையில் திரும்பி, அடுத்த தெருவில் ஊர்ந்து, மறுபடி வீட்டு வாசலுக்கு வந்து, மறுபடி தாண்டினார். பின்னாலேயே வந்த சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, கொட்டுகிற மழையில் தலையை நீட்டி, "சம்பந்தி! வீடு மறந்து போச்சா?" என்று கத்தினார்.

மாஸ்டர் விரலை உதட்டில் வைத்து உஷ் என்று காட்டிவிட்டு, அடுத்த முனையில் மெதுவாகத் திரும்பினார்.