கரண்டியில் நிற்கிற பதம்

வீட்டுக்கு யார் வந்தாலும் லூர்துராணி அடுப்படி நிலையைத் தாண்டி வரமாட்டாள். ஒரு தோளை நிலையில் சாய்த்துக்கொண்டு, பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு வெளியே என்று நிற்பாள். கல்யாணமாகி மன்னார்புரத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் தோள் படுகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் மரம் தெரிகிறது. “வாங்க” என்பாள். “காப்பி போடட்டுங்களா” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அதற்கு மேல் பேசத்தான் பெனடிக்ட் இருந்தார். காலேஜ் லேபில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில் வாசலில் நின்றால் பூசை முடிந்தும் ஒரு மணி நேரம் பேசுவார். “எங்க வீட்டுல நான் ரேடியோ, இவ கரண்டு. கரண்டு என்னைக்காவது சத்தம் போட்டுப் பாத்திருக்கீங்களா?” என்று வந்தவர்களைச் சிரிக்க வைப்பார். லூர்துராணியும் நிலையில் நின்றபடி முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆனாலும் அவர் குரலில் எப்போதும் நாலு பேர் இருப்பதுபோல இருக்கும்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அந்தக் குரல் நின்றுபோனது. காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய், ‘ம்ம்’ என்கிற ஒரு ஓசை மட்டும் மிஞ்சியது. தொண்டையும் விழுங்க மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக டியூப் போட்டுப் பால் ஊற்றினார்கள். நல்லாயிருந்த இடது கையால் அதைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டார்கள். மறுபடி பிடுங்கினார். மூக்கில் ரத்தம் வழிய, லூர்துராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தலையாட்டிய விதத்தை அவளால் மறக்க முடியவில்லை. ‘இது மட்டும் வேண்டாம்.’ அவ்வளவுதான் அவர் கேட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

பெரிய டாக்டர் கடைசியில் ஒத்துக்கொண்டார். “வாயால குடுத்துப் பாப்போம். ஆனா புரையேறி நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா மறுபடி டியூப்தாம்மா. அதுக்கப்புறம் எடுக்கச் சொல்லி என்கிட்ட வராதீங்க” என்றார்.

எப்படிக் கொடுப்பது என்று சொல்லித் தந்தவள் சம்ரீன். விழுங்கப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண். “தண்ணிதான் ஆண்ட்டி இவருக்கு விஷம். தண்ணி, காப்பி, இளநி எல்லாம் வேகமா ஓடிரும், தொண்டை மூடறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிரும். கெட்டியா, வழுவழுன்னு இருந்தா மெதுவா இறங்கும். பழம், தயிர், புரோட்டீன் பவுடர் போட்டு ஸ்மூத்தி அடிச்சுக் குடுங்க. கரண்டியில எடுத்துச் சாய்ச்சா வழியக் கூடாது. பொத்துனு விழணும்” என்றாள். இன்னொன்றும் சொன்னாள். “இருமல் வந்தாதான் புரையேறிச்சுன்னு நெனைக்காதீங்க. சில பேருக்கு இருமலே வராது. குரல் தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேட்டுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க.”

எட்டாம் வகுப்போடு நின்றவள் லூர்துராணி. எதையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. கேட்டதைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டாள்.

பழத்தில்தான் முதலில் தடுமாறினாள். ரஸ்தாளி வாங்கினால் சில பழத்துக்கு நடுவில் கட்டி விழுந்திருந்தது. அது நாக்கில் தட்டியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். பப்பாளி வழுவழுப்பாகத்தான் வந்தது. ஆனால் தயிரோடு அடித்து வைத்தது சாயங்காலத்துக்குள் கசந்துபோனது. பச்சை வாழைப்பழம்தான் சரிப்பட்டது. தோலில் புள்ளி விழுகிற வரை விட்டு, வட்டம் வட்டமாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவாள். தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் இறங்கி வெண்ணெய் மாதிரி ஆகும். வேர்க்கடலையை ஊறவைத்து, வேகவைத்து, தோலை உரித்துச் சட்னி ஜாரில் முதலில் தனியாக அரைப்பாள். அதன்மேல் பழம், தயிர், ரெண்டு கரண்டி புரோட்டீன் பவுடர். மிக்சியை ஒரே ஓட்டமாக ஓட்டக் கூடாது, நுரை கட்டும். விட்டு விட்டுத் திருப்ப வேண்டும். பிறகு டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்குவாள். ஒரு கிண்ணம் சேர்வதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும்.

கரண்டியைச் சாய்ப்பாள். பொத்தென்று விழும்.

அந்த ஒரு கிண்ணத்தைக் கொடுக்கப் பாதிக் காலை போய்விடும். ஒரு வாய் கொடுத்து, முகவாயை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தச் சொல்லி, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருப்பாள். இறங்கியதும் “ம்ம் சொல்லுங்க” என்பாள். அவர் “ம்ம்” என்பார். குரல் காய்ந்து இருந்தால் அடுத்த வாய்.

இவ்வளவு செய்தும் அவர் தேறவில்லை. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கைக்கடிகாரம் முதலில் மணிக்கட்டில் சுழன்றது, பிறகு முழங்கை வரை ஏறியது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் இறங்காத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. ஆனால் காய்ச்சல் இல்லை. டியூப் இல்லை. அதைத் தாண்டி அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பரில் இருதயமேரி வந்தாள். பெனடிக்டின் அக்கா. தம்பிக்காக நேர்ந்துகொண்டு, அறுபத்தைந்து வயதில் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்விட்டு, காவிச் சேலையைக்கூட மாற்றாமல் நேரே இங்கே வந்திருந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு பாட்டில் தீர்த்தம்.

“என்ன ராணி இது, கிண்ணம் ஜில்லுனு இருக்கு? என் தம்பிய ஐஸ்கிரீம் குடுத்தே முடிச்சிடலாம்னு பாக்குறியா?”

“குளிர்ச்சியா இருந்தாதான் தொண்டைக்கு உணர்வு வரும்னு சொன்னாங்க அண்ணி.”

“யாரு, அந்தச் சின்னப் பொண்ணா? ஒரு பிள்ளைக்கு மூக்குச்சளி தொடச்சு விட்டிருப்பாளா அவ? வாழப்பழம், தயிரு, அதையும் ஐஸ்ல வெச்சு! ஏண்டா தம்பி, நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா? உன் வாய்க்கா பஞ்சம்?”

பெனடிக்டின் உதடு இடது பக்கமாகக் கோணிச் சிரித்தது. அக்காவைப் பார்த்ததில் அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

லூர்துராணி கரண்டி எடுக்க அடுப்படிக்குள் போனாள். திரும்பி வந்து நிலையில் நின்றபோது, இருதயமேரி கண்ணை மூடி அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு அல்ல. மளமளவென்று.

“அண்ணி… தண்ணி…”

“தண்ணியா? எத தண்ணிங்கற? மாதா தீர்த்தம்டி இது. இந்தக் காலப் பாரு, இதுக்காக நடந்து வந்தது.”

துணி சுற்றிய காலைத் தூக்கிக் காட்டினாள். லூர்துராணி அந்தக் காலைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. வாய் வரை வரவில்லை.

கீழே கொட்டிவிட்டு வேறு செய்யலாமா என்று நினைத்தாள். மந்திரித்த தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கால் மிதிபடாத இடத்தில், செடி வேரில்தான் ஊற்ற வேண்டும். சின்ன வயதிலேயே ஊறிப்போன பயம் அது. வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரை, செடி கிடையாது. ஃப்ரீசரில் இருந்த கடைசிப் பழத்துண்டும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் போயிருந்தது.

“ஒரு சுத்து அடிச்சுட்டு வந்துர்றேன் அண்ணி” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். புரோட்டீன் பவுடரை இன்னும் ரெண்டு கரண்டி போட்டு மிக்சியை ஓட்டினாள். பதற்றத்தில் விட்டுத் திருப்ப மறந்தாள். ஜார் நிறைய நுரை பொங்கியது. பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். மேலே நுரை நின்றது. அதற்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அவள் அதைப் பார்த்தாள்.

“என்னடி இன்னும்? கொண்டா, நானே ஊட்டுறேன்.”

கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெனடிக்ட் அக்கா கையால் வாங்கி வாங்கிக் குடித்தார். இருமவே இல்லை. கிண்ணம் சீக்கிரமே காலியானது. இருதயமேரி வழித்துக் காட்டினாள். “பாத்தியா? ஒரு இருமல்? ஒரு தும்மல்? நீ பாதி நாள் உட்காந்து ஊட்டுவியாமே!” நிலையில் நின்றிருந்த லூர்துராணிக்கு ஒரு நிமிஷம், மாதாவே இறக்கிவிட்டிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியது அந்த ஒரு தடவைதான்.

அண்ணி போனபிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து “ம்ம் சொல்லுங்க” என்றாள்.

அவர் சொன்னார். குரல் குடத்துக்குள் தண்ணீர் அலம்புவதுபோல வந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் விடிவதற்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. நெஞ்சு முழுக்கச் சளி. டியூப் போட்டார்கள். போடும்போது லூர்துராணியை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு வழியாக அந்த ‘ம்ம்’ கேட்டது.

சம்ரீன் வந்து கேட்டாள். “ஏதாவது தண்ணியா குடுத்தீங்களா ஆண்ட்டி?”

பக்கத்தில் இருதயமேரி ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான்தான்மா. அன்னைக்குக் கொஞ்சம் தண்ணியாயிடுச்சு” என்றாள் லூர்துராணி.

“நான் அப்பவே சொன்னேன்” என்று இருதயமேரி ஆரம்பித்துவிட்டாள். “ஐஸ்ல வெச்ச வாழப்பழத்தக் குடுக்காத, குடுக்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?” அதையே வார்டில் சொன்னாள், கோவிலில் சொன்னாள், பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறாள். லூர்துராணி மறுத்துப் பேசியதில்லை.

இப்போது பெனடிக்ட் வீட்டில்தான் இருக்கிறார். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவைக் கரைத்து லூர்துராணி சிரிஞ்சில் ஊற்றுகிறாள். டியூபை அவர் இரண்டு முறை பிடுங்கிவிட்டதால், அவள் கடைக்குப் போகும் நேரத்தில் அவருடைய இடது கையைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டிவிட்டுப் போகிறாள். வந்ததும் அவிழ்த்துவிடுகிறாள். அவர் அவள் பக்கம் திரும்புவதில்லை. அவள் கேட்டாலும் ‘ம்ம்’ சொல்வதில்லை.